பிக்காச்சுவும் பெயரறிவும்

இக்காலத்துச் சிறார்க்கு நினைவாற்றல் குன்றிவிட்டது என்று ஆசிரிய உலகத்தார் கவலுதல் வழக்கமாகிவிட்டது. பத்துச் செய்யுளை மனனஞ் செய்க என்றால் முகஞ் சுளிக்கின்றனர். சொற்பொருள் வினவினால் விழிக்கின்றனர். ஆதலின் அவர்தம் அறிவு மழுங்கிற்று என்பது இக்கவலையின் முடிபு. இம்முடிபு பொருந்தாது என்பதே யான் ஈண்டு நிறுவக் கருதுவது. அதற்குச் சான்றாக யான் எடுத்துக்கொள்வது நிகண்டன்று, இலக்கணமுமன்று, நம்மவர் பலர் பெயர் சொல்லவும் நாணும் ஒரு விளையாட்டு. யப்பானிலே தோன்றி, கையில் அடங்கும் சிறு மின்பொறியில் ஆடப்பட்டு, தொலைக்காட்சித் தொடரொன்றோடு கைகோத்து உலகமெங்கும் பரந்த போக்கிமொன் என்பதே அது.

பண்டிதனுக்கும் மின்விளையாட்டுக்கும் யாது இயைபு என வினவுவார் உளராகலாம். பெயர்க்கும் பண்டிதனுக்கும் உள்ள இயைபே அது. சூடாமணி நிகண்டு உலகத்துப் பெயர்களைப் பன்னிரு தொகுதிகளில் அடைவுசெய்தது. விலங்கின் பெயர்க்கு ஒன்று, மரப்பெயர்க்கு ஒன்று என வகுத்து, மனனத்துக்கு எளிதாக விருத்தத்தால் யாத்தது. நம் முன்னோர் அதனை உருப்போட்டே நூலுலகிற் புகுந்தனர். இன்று அத்தொகுதிகளைக் கேட்டாற் கொட்டாவி விடும் மாணவன், கற்பனை உயிர்கள் பலவற்றின் பெயரையும் இனத்தையும் வளர்ச்சிப் பருவத்தையும் வழுவாது ஒப்புவிக்கின்றான். என் வகுப்பிலேயே இதனைக் கேட்டு வியந்திருக்கின்றேன். மழுங்கிய அறிவு இதனைச் செய்யுமா? செய்யாது. அங்ஙனமாயின், நம்மிடத்தே துயிலும் அவ்வறிவு ஆங்கே விழிப்பது ஏன்? நாம் வினவவேண்டிய வினா இஃதொன்றே.

விடை காண, இவ்விளையாட்டுப் பிறந்த கதையை முதற்கண் அறிதல் வேண்டும். இதனை ஆக்கியவர் சதோஷி தஜிரி. 1965 இற் பிறந்த அவர், ரோக்கியோ நகரின் புறத்தேயுள்ள மச்சிதா என்னும் ஊரில் வளர்ந்தார். வயலும் குளமும் மரச்செறிவும் அக்காலத்தில் அவ்வூரிற் குறைவின்றி இருந்தன. சிறுவராகிய தஜிரி வண்டு முதலிய பூச்சிகளைத் தேடித் திரிந்தார். எது எம்மரத்தை நாடும், எது எவ்வேளையில் வெளிவரும் என்று நுணுகி நோக்கினார். உடன்பயின்றோர் அவருக்குப் பூச்சியின் பெயராலேயே பட்டப்பெயரிட்டு அழைத்தனராம். பின்னர் நகரம் பெருகிற்று. நிலம் கட்டடங்களுக்கு இரையாயிற்று. மீன்பிடித்த குளம் இருந்த இடத்தில் விளையாட்டுப் பொறிகள் நிறைந்த கூடம் எழுந்ததைப் பின்னாளில் அவரே எடுத்துரைத்திருக்கின்றார். பூச்சிகள் ஒழிந்தன, பூச்சி தேடிய இன்பம் மாத்திரம் அவர் நெஞ்சில் எஞ்சிற்று.

1989 இல் நிண்டெண்டோ நிறுவனம் கேம் போய் என்னும் கைப்பொறியை வெளியிட்டது. இரு பொறிகளை ஒரு கம்பிவடத்தால் இணைக்கலாம் என்பது அதன் சிறப்பு. பிறர் அக்கம்பியிற் போட்டியைக் கண்டனர். தஜிரியோ ஒரு பூச்சி அதன்வழியே ஊர்ந்து ஒரு பொறியிலிருந்து மற்றொரு பொறிக்குச் செல்வதைக் கண்டார். அக்காட்சியே வித்தாயிற்று. ஏறத்தாழ ஆறாண்டுகள் உழைத்தபின், 1996 பெப்ரவரி 27 இல், சிவப்பு என்றும் பச்சை என்றும் இரு பதிப்புக்களாக அவ்விளையாட்டு யப்பானில் வெளிவந்தது. போக்கிமொன் என்பது ஆங்கிலச் சொல் இரண்டின் குறுக்கம். சட்டைப்பையில் அடங்கும் பூதம் என்று பொருள் கொள்ளலாம்.

அதன் அமைப்பைச் சுருங்கக் கூறுவேன். ஆடுபவன் ஒரு சிறுவனாய்த் தன் சிற்றூரைவிட்டுப் புறப்படுகின்றான். ஒகிதோ என்னும் பேராசிரியர் அவனுக்கு ஓர் உயிரையும், காணும் உயிர்களையெல்லாம் பதிந்துவைக்கும் மின்னேடு ஒன்றையும் நல்கி, ஊர்தோறுஞ் சென்று அவ்வேட்டை நிரப்பிவருக என விடுக்கின்றார். புல்லிலும் குகையிலும் நீரிலும் எதிர்ப்படும் உயிர்களைப் பந்து போன்ற சிமிழொன்றில் அகப்படுத்தி வளர்த்தல் வேண்டும். பிறர் வளர்த்தவற்றோடு பொரவிடுதலும் வேண்டும். முதலில் எதிர்ப்படும் காட்டிலே மிகுந்திருப்பவை புழுக்களும் பூச்சிகளுமே. அங்கே வலையேந்திய சிறுவர்களும் நிற்கின்றனர். மச்சிதாவில் அழிந்த காடு இவ்வாறு மீண்டும் முளைத்தது என்க.

உயிர்கள் மொத்தம் 151. நீர், நெருப்பு, புல், மின், பாறை, பூச்சி, நஞ்சு முதலாக அவற்றுக்கு 15 இனங்கள். நீர் நெருப்பை அவிக்கும். நெருப்புப் புல்லை எரிக்கும். புல் நீரை உறிஞ்சும். இங்ஙனம் எது எதனை வெல்லும், எது எதற்கு இளைக்கும் என்று கணக்கிட்டால் 225 உறவுகள் உண்டாகும். சிறுவர் அவற்றைப் பெருக்கல் வாய்பாட்டினும் விரைந்து கற்கின்றனர். அடித்துக் கற்பிப்பாரில்லை, தேர்வு வைப்பாருமில்லை. அடுத்த அடி எடுத்துவைக்க அவ்வறிவு வேண்டியிருக்கின்றது; ஆதலிற் கற்கின்றனர். பயன்படும் இடத்திலே பெறும் அறிவு மறவாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இனி, பெயர்களை நோக்குவோம். அக்கைப்பொறியின் திரை மிகச் சிறிது. நான்கு சாயல் மாத்திரமே காட்டவல்லது. உருவம் மங்கலாயிருந்தமையின், உயிரைக் கண்முன் நிறுத்தும் பொறுப்பிற் பெரும்பகுதி பெயரின்மேல் விழுந்தது. ஆக்கியோர் அப்பொறுப்பைத் திறம்பட ஆற்றியுள்ளனர். முதுகில் வித்தொன்றைத் தாங்கிய உயிர்க்கு ஃபுஷிகிதானே என்று பெயர். ஃபுஷிகி என்பது வியப்பு. தானே என்பது வித்து. ஒருங்கே சொன்னால் ‘வியப்பாயிருக்கின்றதே’ எனப் பேச்சுவழக்கிற் பொருள்படும். நம் அணியிலக்கணத்தார் இதனைப் பிரிமொழிச் சிலேடை என்பர். வாலில் தீயுடைய பல்லிக்கு ஹிதோகாகே; ஹி என்பது தீ, தோகாகே என்பது பல்லி. பிக்காச்சு என்பதோ முழுவதும் ஒலிக்குறிப்பாலாயது; மின்னல் பளிச்சிடுவதைக் குறிப்பது பிக்கா, எலி கீச்சிடுவதைக் குறிப்பது சூ. மின்னெலி என்பதனை இதனினும் இனிதாகக் கூற இயலாது.

1998 இல் இவ்விளையாட்டு அமெரிக்கா சென்றபோது, மொழிபெயர்த்தோர் யப்பானியப் பெயர்களை ஒலிபெயர்த்து விட்டுவிடவில்லை. பெரும்பாலானவற்றுக்கு ஆங்கிலத்திலேயே புதிய சொற்பின்னல் செய்தனர். பாம்பொன்றுக்கு, பாம்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே தலைகீழாக்கி ஏகான்ஸ் என்று பெயரிட்டனர். மூலத்திலும் அவ்வுயிரின் பெயர் மலைப்பாம்பு வகையொன்றன் பெயரைத் திருப்பியமைத்ததே. சொல்லைப் பெயர்க்காது சொல்லின் தொழிலைப் பெயர்த்தனர் எனலாம். பிக்காச்சுவையோ அவ்வாறே விட்டனர். ஒலியே பொருளாகும்போது பெயர்ப்புக்கு இடமில்லை என்பதை உணர்ந்தனர் போலும். மொழிபெயர்ப்புத் துறையிற் புகும் இளைஞர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

மற்றுமொன்று. இவ்வுயிர்களுட் பல, வளரும்போது உருவும் பெயரும் மாறுவன. புழு கூடாகும், கூடு வண்ணத்துப்பூச்சியாகும், மூன்று நிலைக்கும் மூன்று பெயர். தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை என்றற்றொடக்கத்து ஒன்பது இளமைப் பெயர்களைத் தொகுத்து, எவ்வெவ் விலங்கின் இளமைக்கு எவ்வெப்பெயர் உரியது என வரையறுத்தமை கற்றோர் அறிவர். உயிரின் பருவத்தைப் பெயரால் வேறுபடுத்தும் நுண்மை மாந்தர்க்குப் பொதுவானது. மரபியலைச் சுமையென்று கருதும் மாணவன் அதே நுண்மையை விளையாட்டில் விரும்பிக் கற்கின்றான். குறை மரபியலிலும் இல்லை, மாணவனிடத்தும் இல்லை. கற்பிக்கும் நெறியிலேயே உளது.

இவ்விளையாட்டின் உயிர்நிலை யாது என்பாரேல், கொடுக்கல் வாங்கலே என்பேன். சிவப்புப் பதிப்பில் உள்ள சில உயிர்கள் பச்சையில் இல. பச்சையில் உள்ள சில சிவப்பில் இல. தொடக்கத்தில் மூன்று உயிர்களுள் ஒன்றையே தெரிதல் கூடும். எஞ்சிய இரண்டும் பிறரிடமிருந்தே வரவேண்டும். வேறு நான்கு உயிர்கள் கைம்மாறினால் அன்றி முழுவளர்ச்சி எய்தா. எத்துணை வல்லவனாயினும் தனியொருவன் ஏட்டை நிரப்ப இயலாது. ஒருவனிடத்திருந்து வந்த உயிர், புதியவனிடத்தும் தன்னை முதலிற் பிடித்தவன் பெயரைத் தாங்கியே நிற்கும். அதற்கு அவனிட்ட செல்லப்பெயரை வாங்கியவன் மாற்றவும் முடியாது. பெற்றதன் மூலத்தை மறவாமை இங்கே விதியாகவே அமைந்துளது. இரு பதிப்பு வெளியிட்டது வணிகத் தந்திரமே என்பாரும் உளர். ஒவ்வொரு சிறுவனும் இரண்டையும் வாங்கினால் அக்கூற்று மெய்யாகும். ஒன்றை வாங்கியவன் மற்றொன்றை வாங்கியவனை நாடிச் சென்றால் அது நட்பாகும். தஜிரி கருதியது பின்னதையே.

இனித் தொலைக்காட்சித் தொடருக்கு வருவோம். அது 1997 ஏப்ரல் 1 இல் யப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கிற்று. அதன் தலைமகனுக்கு ஆக்கியோரின் பெயரையே தந்து சதோஷி என்று அழைத்தனர். விளையாட்டில் உயிர்கள் யாவும் சிமிழுக்குள் அடங்குவன, வளரத்தக்கவை வளர்க்கப்படுவன. கதையோ முதல் நாளிலேயே இவ்விதியை முறித்தது. சதோஷிக்குக் கிடைத்த பிக்காச்சு சிமிழுக்குட் புக மறுக்கின்றது. அவன் சொற்கேளாமலும் திரிகின்றது. சினங்கொண்ட பறவைக்கூட்டம் தாக்க வரும்போது, அவன் தன் உடலையே குறுக்கே நிறுத்தி அதனைக் காக்க முற்படுகின்றான். அன்றுமுதல் அது அவனைவிட்டுப் பிரிந்ததில்லை, சிமிழுக்குட் சென்றதுமில்லை. பின்னொருகால், இடிக்கல் என்னும் கல்லால் தன்னைப் பெரிய உயிராக மாற்றவும் அது உடன்படவில்லை. கணக்குப் பார்ப்பவனுக்கு இது மூடத்தனம். கதை கேட்பவனுக்கு இதுவே காரணமாகிக் கண்ணீர் வரும்.

வியப்பு யாதெனில், கதை முறித்த விதியை விளையாட்டும் ஏற்றுக்கொண்டமையே. 1998 செப்டெம்பர் 12 இல் யப்பானில் வெளிவந்த மஞ்சட் பதிப்பு, தொலைக்காட்சித் தொடரைத் தழுவித் திருத்தியமைக்கப்பட்டது. அதில் தொடக்கத்தில் தெரிவுக்கு இடமில்லை; கிடைப்பது பிக்காச்சு ஒன்றே. அது சிமிழுக்குள் இராது. ஆடுபவன் செல்லுமிடமெல்லாம் பின்னால் நடந்து வரும். திரும்பி நின்று அதனை நோக்கினால் அதன் முகம் பெரிதாகத் தோன்றி மகிழ்வையோ வாட்டத்தையோ காட்டும். தொடரில் அதற்குக் குரல் கொடுத்த இக்குவே ஓதானி என்னும் அம்மையாரின் குரலே பொறியிலும் ஒலிக்கும். இடிக்கல்லை நீட்டினால் அது மறுத்துவிடும். போரில் அது மூர்ச்சித்து வீழ்ந்தால் அன்பு குறையும், பேணினால் வளரும். அவ்வன்பின் அளவை எண்ணாற் காட்டும் பலகை எதுவும் அதில் இல்லை. முகத்தை நோக்கியே அறிதல் வேண்டும். ஹனதா என்னும் நகரிலுள்ள பெண்ணொருத்தி, பிக்காச்சு ஆடுபவனிடத்துப் போதிய அன்புற்றிருந்தால் மாத்திரமே தன் ஃபுஷிகிதானேயை அவனுக்குத் தருவாள். அன்பு இங்கே அணியன்று; திறவுகோல்.

ஆதலின் யான் துணிந்து கூறுவது இது: 151 உயிர்களுள்ளும் உலகச் சிறார் நெஞ்சில் முதலிடம் பெற்றது சிமிழுக்குள் அடங்காத அந்த ஒன்றே. எல்லாவற்றையும் பிடித்தேயாகவேண்டும் என்பது அமெரிக்க வணிகர் கட்டிய விளம்பர வாசகம். பிக்காச்சுவின் பெருமையோ, பிடிபடாமலே உடன் வந்தமையிற் பிறந்தது. உடைமையாலன்றி உறவாலேயே பெயர் நிலைபெறும் என்பதற்கு அவ்விளையாட்டே தன்னுள் வைத்திருக்கும் சான்று இது.

மறுப்போர் கூற்றையும் நோக்குதல் முறை. உயிர்களை மோதவிட்டுக் களித்தல் கோழிப்போர் போன்றதன்றோ என்பர் ஒருசாரார். அவ்வையம் புறக்கணிக்கத் தக்கதன்று. போரில் இவ்வுயிர்கள் இறவாமல் மூர்ச்சிக்கின்றன எனினும், மோதல் மோதலே. ஆயின் அதே விளையாட்டில் ஷியொன் என்னும் ஊரில் இறந்த உயிர்களுக்கென ஒரு கல்லறைக் கோபுரம் நிற்கின்றது. தன் குழவியைக் காக்க முயன்று கொடியோராற் கொல்லப்பட்ட தாயொன்றின் ஆவி ஆங்கே உலாவுகின்றது. வெற்றியையே நாடி வந்த சிறுவன், அக்கோபுரத்தில் அவலச் சுவையை முதன்முறையாகச் சந்திக்கின்றான். கொடுமையை மாத்திரம் கற்பிக்கக் கருதியோர் அதனைக் கட்டியிரார்.

தொடரால் விளைந்த தீங்கும் உண்டு. 1997 டிசெம்பர் 16 இல் ஒளிபரப்பான பகுதியொன்றில் சிவப்பும் நீலமுமாய் ஒளி விரைந்து மாறி மாறி மின்னிற்று. அதனாற் சிறுவர் பலர் வலிப்பும் மயக்கமும் உற்றனர். ஏறத்தாழ 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தொடர் நான்கு மாதம் நிறுத்தப்பட்டது. அப்பகுதி மீண்டும் ஒளிபரப்பப்படவேயில்லை. சிறார்க்கு ஆக்கும் எதனையும் முன்னரே ஆராய்தல் வேண்டும் என்ற பாடத்தை யப்பானியர் அன்று பெரும் விலை கொடுத்துக் கற்றனர்.

இவற்றினும் ஆழமான குற்றச்சாட்டு ஒன்றுண்டு. அது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து விலங்கியலறிஞர் ஆண்ட்ரூ பால்ம்போர்ட்டும் அவர்தங் குழுவினரும் 2002 இல் வெளியிட்ட ஆய்விலிருந்து எழுவது. இங்கிலாந்தில் 4 முதல் 11 வயது வரையுள்ள 109 தொடக்கப்பள்ளி மாணவரிடம் அவர்கள் இருவகைப் படங்களைக் காட்டினர், ஒருவகை அந்நாட்டில் மெய்யாக வாழும் உயிர்களும் மரஞ்செடிகளும், மற்றொருவகை போக்கிமொன்கள். மெய்யுயிர்களை நான்கு வயதுப் பிள்ளைகள் நூற்றுக்கு 32 பங்கும் எட்டு வயதினர் 53 பங்கும் இனங்கண்டனர். போக்கிமொன்களையோ நான்கு வயதினர் 7 பங்கே அறிந்திருந்தனர். எட்டு வயதினர் 78 பங்கு அறிந்திருந்தனர். எட்டு வயதை அடைந்தோர் பலர் பட்ஜர் என்னும் விலங்கினும் ஓக் மரத்தினும் போக்கிமொன்களையே நன்கறிந்தனர். இதிலொரு முரண் உளது. விளையாட்டில் வரும் பேராசிரியர் ஒகிதோவுக்கு ஆங்கிலப் பதிப்பில் இட்ட பெயர் ஓக் என்பதே. ஓக் என்னும் பேராசிரியரை அறிந்த பிள்ளைகள் ஓக் என்னும் மரத்தை அறியவில்லை!

பெயர் அறியாததனை மாந்தர் காக்கமாட்டார். ஒரு மரத்தை மரம் என்று மாத்திரம் அறிந்தவன், அது வெட்டப்படும்போது ஒரு மரம் போயிற்று என்பான். அதன் பெயரையும் அதில் வந்தடையும் பறவையின் பெயரையும் அறிந்தவனே இழப்பின் அளவை உணர்வான். பூச்சிகள் ஒழிந்த துயரிலே பிறந்த விளையாட்டு, எஞ்சிய பூச்சிகளைச் சிறுவர் மறத்தற்கு ஏதுவாயின் அது கொடிது. எனினும் பழியை விளையாட்டின்மேல் மாத்திரம் சுமத்துதல் நீதியன்று. அவ்வறிஞரும் அங்ஙனஞ் செய்யவில்லை. பிள்ளைகள் உயிர்களைப் பற்றிக் கற்கும் ஆற்றல் பெரிது. அவ்வாற்றலை எழுப்புவதில் விளையாட்டை ஆக்கியோர் வென்றனர், இயற்கையைப் பேணுவோர் பின்தங்கினர் என்பதே அவர் கண்டது. 2016 இல் வெளிவந்த போக்கிமொன் கோ என்னும் பதிப்பு மக்களை வீட்டினின்றும் தெருவுக்கும் பூங்காவுக்கும் நடத்திச் சென்றது உண்மையே. ஆயின் கண்கள் கைத்தொலைபேசித் திரையிலேயே பதிந்திருந்தால், பூங்காவுக்குச் சென்றும் மரத்தைக் காணாதவராவோம்.

அவ்வாறாயின் ஆசிரியராகிய நாம் செய்யத்தக்கது யாது? தடுத்தல் பயன்படாது, இகழ்தல் அதனினும் பயன்படாது. அவ்விளையாட்டு எந்நெறியால் வென்றதோ அந்நெறியைக் கைக்கொள்ளல் வேண்டும். அந்நெறி நான்கு கூறுடையது. பெயரைச் சொல்லுமுன் பொருளைக் காட்டுதல் ஒன்று. கண்டதைத் தன் கையாலே பதிந்துவைக்கத் தனக்கென ஓர் ஏடு கொடுத்தல் இரண்டு. ஒருவன் காணாததை மற்றொருவன் கண்டு கூறவும், இருவரும் மாற்றிக்கொள்ளவும் வகைசெய்தல் மூன்று. எதற்கு எது உணவு, எம்மலரை எவ்வண்டு நாடும் என உறவோடு கற்பித்தல் நான்கு. நிகண்டின் மரப்பெயர்த் தொகுதியைக் கையிலேந்தி மாணவரோடு பள்ளி வளவைச் சுற்றிவரும் ஆசிரியன், அதனை அறைக்குள் ஒப்புவிக்கச் செய்யும் ஆசிரியனைவிடப் பத்துமடங்கு கற்பிப்பான். ஒன்றை மாத்திரம் விளையாட்டிலிருந்து கொள்ளற்க. மெய்யுயிரைப் பிடித்தடைத்தல் வேண்டா. பிக்காச்சுவைப் போல அது புறத்தேயே இருக்கட்டும். நாம் திரும்பி அதன் முகத்தை நோக்குவோம்.

பழைய மஞ்சட் பேழைகளிலே ஆடுபவனின் நினைவைக் காப்பது உள்ளேயுள்ள சிறு மின்கலம். ஆண்டுகள் பல கழிந்து அது வறளும்போது, நிரப்பிய ஏடும் வளர்த்த உயிர்களும் ஒருங்கே அழிந்துபோகும். ஆயினும் அன்று ஆடிய சிறுவர், இன்று பிள்ளை பெற்றோராகியும், அப்பெயர்களை மறந்திலர். பொறி மறந்ததை நெஞ்சு காத்து நிற்கின்றது. இத்தகைய நெஞ்சுகளே நாள்தோறும் காலை எட்டு மணிக்கு நம் முன் வந்து அமர்கின்றன. அவற்றிற் பதியத்தக்க பெயர்கள் நம்மிடம் ஏராளம் உள. அவற்றை உயிரோடு கொண்டுசென்று கொடுத்தல் நம் கடன்.